கார்ட்டர் ரோட்டில் கடல் வற்றும்போது

மும்பைக் கடலோரப் பாறைக் குட்டைகளில் உயிர்களைப் பார்க்கப் போவதென்றால், லீவு ஞாயிறுதானே என்று ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாள் குறிக்காதீர்கள். முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள். அதில் ‘அப்பல்லோ பந்தர்’ என்று போட்டிருப்பதுதான் மும்பைக்கான கணக்கு. வற்றம், அதாவது தண்ணீர் மிகக் கீழே இறங்கும் மட்டம், 0.5 மீட்டரோ அதற்குக் கீழோ காட்டினால் கார்ட்டர் ரோடு, ஹாஜி அலி பாறைகளுக்குக் கிளம்பலாம். 1.5 மீட்டர் என்றால் வழுக்குப் பாசியையும் பிளாஸ்டிக்கையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் தண்ணீர் நன்றாக இறங்கும். இங்கே அந்த வற்றம் பெரும்பாலும் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் வரும். செம்பூர், தாராவிப் பக்கமிருந்து வருகிறவர்கள் இருட்டிலேயே ரயில் ஏற வேண்டியிருக்கும்.

வற்ற நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே இறங்கி, பின்வாங்கும் தண்ணீரோடு மெதுவாகப் போங்கள். வற்றம் தொட்டதும் திரும்பிவிட வேண்டும். ஏறத் தொடங்கும் முதல் மணி நேரம் தண்ணீர் அசைவதே தெரியாது. மூன்றாவது, நான்காவது மணியில்தான் மொத்த உயரத்தில் பாதி ஏறும். நான்கு மீட்டர் ஏறும் நாளில் அந்த இரண்டு மணிக்குள் இரண்டு மீட்டர்! நிற்கும் பாறை காய்ந்தே இருக்கும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் முதலில் நிறைந்துவிடும். அதனால் கூட்டத்தில் ஒருவருக்குத் தண்ணீரைப் பார்ப்பது மட்டுமே வேலை.

காலுக்குப் பின்பட்டை வைத்த சாண்டலோ பழைய ஷூவோ போடுங்கள். ரப்பர் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும், பாறையில் ஒட்டிய சிப்பி பிளேடு மாதிரி கிழிக்கும்.

நாலு குட்டையை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றின் பக்கத்தில், நிழல் தண்ணீரில் விழாமல், பத்து நிமிடம் உட்காருவது மேல். முதலில் துறவி நண்டு நகரும், பிறகு கண்ணாடி போன்ற இறால் தெரியும். சட்டைப் பொத்தான் அளவில் நெருக்கமாக, ஓரமெல்லாம் குட்டையான உணர்கொம்புகளோடு பாய் விரித்த மாதிரி இருப்பது ஸோவாந்திட், பவளத்துக்கு உறவான உயிர். அழகுதான், தொடாதீர்கள். சில வகைகளில் கடும் விஷம் உண்டு. தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் வினை.

~~~

மேலே அண்ணா எழுதியதோடு நான் சேர்ப்பது இது. கல்லைப் புரட்டினால் பார்த்த உடனே பழையபடியே வைக்க வேண்டும். அடியில் ஒட்டி வாழ்வது வெயிலில் காய்ந்து செத்துவிடும், மேலே இருந்த பாசி அடியில் போனால் அழுகும். காலிச் சங்கையும் பொறுக்காதீர்கள், துறவி நண்டுக்கு அதுதான் வீடு. கூம்பு வடிவச் சங்கை எடுக்கவே கூடாது. உள்ளே நத்தை இருந்தால் விஷ ஊசி வெளியே வரும். பவளம் 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, உடைந்த துண்டுக்கும் அதே கதைதான். பொந்து வாயில் நண்டு ஓடும் சிப்பி ஓடும் குவிந்து கிடந்தால் உள்ளே பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) இருக்கலாம். விரலை விடாமல் காத்திருங்கள்.

~~~

மணல் பக்கம் போகிறவர்களுக்கு: 2013 விநாயகர் விசர்ஜனத்தில் கிர்காவ் சௌபாட்டியில் பலரைத் திருக்கை குத்தியது. கலங்கிய தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள், அதிர்வு தெரிந்து அது விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணியாவது காலை வைத்திருந்தால் வலி குறையும், அப்புறம் டாக்டரிடம் போக வேண்டும். டீ ஃபிளாஸ்க் கொண்டுவருகிற கூட்டம் ஒரு ஃபிளாஸ்கில் வெறும் வெந்நீர் வைத்திருக்கலாம். கொதிக்கக் கொதிக்க அல்ல, கடல் தண்ணீர் கலந்து கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.