பிள்ளைக்குக் கடல் கதை என்ன சொல்லலாம்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கிறோம், மகனுக்கு 6 வயது. மிட்டாய் கவரைக் கடற்கரையிலேயே போட்டுவிட்டு வருகிறான், திட்டினால் என் கண் முன்னால் மட்டும் போடுவதில்லை. கதை என்றால் காதைக் கொடுப்பான், ஆனால் எனக்குத் தெரிந்தது காக்கா நரி, முயல் ஆமை அவ்வளவுதான்.

பதில் 1, பாம்பன்காரன்:
ஆவுளியா இருக்கும்போது நரி எதுக்கு அக்கா? அதுதான் கடல்பசு, ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடல்புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சு வாங்க அடிக்கடி மேலே வந்தாக வேண்டும், வலையில் மாட்டினால் வர முடியாமல் செத்துப்போகும். குட்டி அம்மாவைத் தேடுகிற மாதிரி சொல்லுங்க. எங்க தாத்தா சொல்லிக் கேட்டு நான் அழுதிருக்கிறேன்.

பதில் 2, கீழக்கரை டீச்சர்:
அழ வைக்க வேண்டாம் தம்பி, 6 வயசுதானே, ராத்திரி தூங்காது. நான் வகுப்பில் ஒரு வாளித் தண்ணீரில் வெள்ளை பாலிதீன் பையை மிதக்க விட்டு, நீங்கதான் கடலாமை, இது நீங்க தின்கிற சொறியா (ஜெல்லி மீன்), இல்லை பையா என்று கேட்பேன், பாதிப் பேர் சொறி என்பார்கள். அப்புறம் கதை. முடிவில் மட்டும் 'அதனால் குப்பை போடக்கூடாது' என்று சொல்லிவிடாதீர்கள், அங்கேதான் பிள்ளைகள் காதை மூடிக்கொள்ளும்.

கேட்டவர்:
நேற்று வாளி வைத்தேன் டீச்சர். இன்று சட்டைப்பையில் நாலு கவர், அதில் மூன்று அவன் தின்றதே இல்லை. துவைக்கிறதுதான் பாடு.