நேற்று வரை நன்றாக இருந்த மீன்கள் இன்று மேலே வந்து வாயைத் திறக்கின்றன, மருந்து ஊற்றலாமா?

கண்ணாடித்தொட்டி கேட்டது:

வணக்கம், கொஞ்சம் அவசரம். 100 லிட்டர் தொட்டி, ஒரு வருடத்துக்கு மேல் பிரச்சினை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கப்பி, நியான் டெட்ரா, அடியில் மேயும் கோரிடோராஸ், கொஞ்சம் செர்ரி இறால் இருக்கின்றன. போன வாரம் புதிதாகச் சில கப்பிகள் விட்டேன். அப்புறம் ஃபில்டர் அடைத்துக்கொண்டதால் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகப் பிழிந்து கழுவி, உள்ளே இருந்த பழைய கார்ட்ரிட்ஜையும் மாற்றினேன். இன்று காலை பார்த்தால் இரண்டு டெட்ரா செத்துக் கிடக்கின்றன, மற்றவை எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறக்கின்றன. புதிய கப்பி ஒன்றின் முதுகில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நிற்கிறது. கையில் மெத்திலீன் புளூவும், எல்லா நோய்க்கும் என்று எழுதிய ஒரு பொது மருந்தும் இருக்கின்றன. எதை ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது? எல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

செவுள் எழுதியது:

இப்போதைக்கு இரண்டையும் ஊற்றாதீர்கள். மெத்திலீன் புளூ ஃபில்டரில் மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கெடுத்துவிடும். முதலில் செத்த மீன்களை எடுத்துவிட்டு, ஏர் பம்ப் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபில்டர் தண்ணீர் மேலிருந்து கொட்டுகிற மாதிரி திருப்பி வையுங்கள். உணவை நிறுத்துங்கள், பெரிய மீன்கள் சில நாள் பட்டினியைத் தாங்கும். அம்மோனியா, நைட்ரைட், பி.ஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) மூன்றையும் சோதித்து எண்ணை இங்கே போடுங்கள். சோதனைக் கிட் கையில் இல்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். புதுத் தண்ணீருக்குக் குளோரின் நீக்கி கட்டாயம், சூடும் தொட்டித் தண்ணீரின் சூட்டோடு ஒத்திருக்க வேண்டும்.

ஈரமணல் எழுதியது:

வெள்ளையாக இருக்கிறது என்றால் வெண்புள்ளி நோயாகத்தான் இருக்கும், புது மீனோடு வந்திருக்கும். ஹீட்டரை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றி உப்புப் போடுங்கள். மீன் உடம்பில் ஒட்டியிருக்கும்போது அந்த ஒட்டுண்ணியை எந்த மருந்தும் தொடாது, அது விழுந்து பெருகிக் குஞ்சுகளாகத் தண்ணீரில் நீந்தும்போதுதான் கொல்ல முடியும். சூடு கூடினால் அந்தச் சுற்று வேகமாக முடியும். எனக்கு இந்த முறை கைகொடுத்திருக்கிறது.

செவுள் எழுதியது:

வெண்புள்ளிக்கு நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் இவர் புள்ளி என்று சொல்லவில்லை, படிந்திருக்கிறது என்கிறார். வெண்புள்ளி என்றால் உப்புத் தூளைத் தூவியது போலத் தனித்தனிப் புள்ளிகளாக உடம்பிலும் துடுப்பிலும் தெரியும். முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சாம்பல் கலந்த வெள்ளைப் படலமாக இருந்தால் காலம்னாரிஸ் என்று சந்தேகப்பட வேண்டும். அது பாக்டீரியா, சூடு கூடக் கூட அதன் வேகமும் கூடும், கடுமையாக வந்தால் ஓரிரு நாளில் மீனைக் கொன்றுவிடும். அதில் ஹீட்டரை ஏற்றுவது நோய்க்கு உதவி செய்கிற மாதிரி. போதாததற்குச் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிற மீன்களுக்கு அது இன்னும் கெடுதல். எது என்று தெரியும்வரை சூட்டைத் தொட வேண்டாம்.

கண்ணாடித்தொட்டி எழுதியது:

ஏர் பம்ப்பில் ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழாக விடும் கல்) மாட்டிப் போட்டுவிட்டேன், கொஞ்சம் பரவாயில்லை. லிட்டருக்கு அம்மோனியா 2 மி.கி, நைட்ரைட் 0.5 மி.கி, பி.ஹெச் 8, சூடு 26 டிகிரி. குழாய்த் தண்ணீரின் பி.ஹெச்சும் 8தான். டார்ச் அடித்துப் பார்த்தேன், புள்ளிகள் இல்லை, முதுகின் குறுக்கே சேணம் போட்ட மாதிரி மங்கலான வெள்ளைப் பட்டை, ஓரம் லேசாக மஞ்சள். பஞ்சு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை. மற்ற மீன்களில் பட்டை எதுவும் தெரியவில்லை.

செவுள் எழுதியது:

நல்லவேளை சோதித்தீர்கள். உங்கள் தொட்டியில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாக நடக்கின்றன, எல்லா மீனும் மேலே வருவதற்கும் ஒரு மீனின் முதுகில் பட்டை இருப்பதற்கும் ஒரே காரணத்தைத் தேடினால் தவறான மருந்தில்தான் போய் நிற்போம். ஒரே இரவில் எல்லா மீனும் ஒன்றாகத் தவித்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம், தொற்று நோய் ஒன்றிரண்டு மீனில் தொடங்கித்தான் பரவும்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா பெரும்பகுதி அந்த ஸ்பாஞ்சிலும் கார்ட்ரிட்ஜிலும்தான் குடியிருந்தது. குழாய்த் தண்ணீரின் குளோரின் ஒரு பக்கம், கார்ட்ரிட்ஜ் போனது ஒரு பக்கம், அது போதாமல் புது மீன்களின் கழிவு வேறு. அடுத்த தடவை ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும், பழுப்பு நிறம் போக வேண்டிய அவசியமே இல்லை.

அம்மோனியாவில் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது, பி.ஹெச்சோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 25 டிகிரியில் பி.ஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் செவுளை எரிக்கும் நச்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் கீழே, பி.ஹெச் 8 ஆனால் சுமார் 5 சதவீதம். உங்களுடைய 2 என்பது ஆபத்தான 2. குழாயும் தொட்டியும் ஒரே பி.ஹெச் என்பதால் பாதித் தண்ணீரைத் தயங்காமல் மாற்றலாம், நாளையும் சோதித்துவிட்டு மாற்றுங்கள். (தொட்டி 6.5, குழாய் 8 என்று இருந்திருந்தால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன், மொத்தமாக ஊற்றினால் நச்சில்லாத அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறிவிடும், அப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும்.) நைட்ரைட் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும், காற்று இருந்தும் மூச்சு முட்டும். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும், 2 லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் தனியாகக் கரைத்துச் சிறுகச் சிறுக விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம், கோரிடோராஸ் அதிக உப்பைத் தாங்காது. தெரிந்தவர் யாரிடமாவது நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அதன் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வாங்கி ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுங்கள், இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தக் கப்பியை இப்போதே தனிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். உள்ளே ஏர் ஸ்டோன், தினமும் தண்ணீர் மாற்றம், சூடு 24 பக்கம் இருந்தால் நல்லது. காலம்னாரிஸுக்கு ஆன்டிபயாடிக்தான் வேண்டும், அதைத் தோராயமாகப் போடக் கூடாது, மீன் பார்க்கிற கால்நடை மருத்துவர் கிடைத்தால் படம் அனுப்பிக் கேளுங்கள். மருந்து போட்டாலும் கப்பி பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மற்ற மீன்களுக்குச் சுத்தமான தண்ணீர்தான் இன்றைய மருந்து.

ஈரமணல் எழுதியது:

விளக்கம் படித்தேன், சூட்டை ஏற்றச் சொன்னதை விட்டுவிடுங்கள், பட்டை என்றால் செவுள் சொல்வதுதான் சரி. ஒன்று சேர்க்கிறேன், அந்தப் பொது மருந்தின் லேபிளில் தாமிரம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் செர்ரி இறால்கள் செத்துவிடும். பின்னால் எப்போதாவது தொட்டியில் மருந்து போட நேர்ந்தால் ஃபில்டரில் இருக்கும் கரியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தைக் கரி உறிஞ்சிவிடும்.

அல்லித்தண்டு எழுதியது:

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடாமல் தொட்டிக்குள் கையை விடாதீர்கள். மீன் தொட்டியிலிருந்து மனிதத் தோலுக்கு வருகிற மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி உண்டு, வாரக்கணக்கில் ஆறாத கட்டியாக நிற்கும், மருத்துவரிடம் தொட்டி வைத்திருப்பதைச் சொல்லாவிட்டால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். தனிப் பாத்திரத்துக்கு வலையும் குழாயும் தனியாக வையுங்கள். செத்த மீனையோ நோயுள்ள மீனையோ குளத்திலும் ஆற்றிலும் விட்டுவிடாதீர்கள்.

கண்ணாடித்தொட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாதித் தண்ணீர் மாற்றிவிட்டேன், டெட்ராக்கள் கீழே இறங்கி நீந்துகின்றன. கப்பி தனியாக இருக்கிறது, மருத்துவருக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். இனிமேல் புது மீன் வாங்கினால் எவ்வளவு நாள் தனியாக வைக்க வேண்டும்?

செவுள் எழுதியது:

நான் 4 வாரம் வைப்பேன். முதல் வாரம் நன்றாகத் தெரிகிற மீன் மூன்றாவது வாரத்தில் படுத்துவிடுவதும் உண்டு. புது மீன் வாங்குவதற்கு முன்னால் இந்தத் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யமாக நிற்க வேண்டும், இன்னும் சில வாரம் ஆகலாம், அதுவரை தினமும் சோதித்து, எண் ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். நாளைய எண்களையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.