61 வயது, சர்க்கரை உண்டு: பிரெப் மாத்திரை எடுக்கலாமா?

வைகைக்காரன்:
வணக்கம். மதுரைப் பக்கம் ஊர், மனைவி தவறிவிட்டார். ஆண்கள் மீதும் ஈர்ப்பு உண்டு என்பது இளவயதிலேயே தெரியும். கல்யாணம், வேலை என்று ஓரமாக வைத்துவிட்டேன். இப்போது ஒருவருடன் பழக்கம். அவருக்கு வேறு நண்பர்களும் உண்டு, அதை மறைக்கவும் இல்லை.

ஆணுறை போட்டால் எனக்கு எழுச்சி போய்விடுகிறது. போடாமல் இருக்கப் பயம். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரை பற்றி அவர்தான் சொன்னார். ஏற்கெனவே மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரை ஓடுகிறது. இதையும் சேர்த்தால் கிட்னி தாங்குமா? வழக்கமான டாக்டரிடம் கேட்க முடியாது, தங்கச்சி குடும்பத்துக்கும் அவர்தான் டாக்டர்.

மாலதி_கவுன்சிலர்:
ஐயா, அரசு நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்தில், வேலை பார்த்தவள் நான். முதலில் பரிசோதனை. எச்.ஐ.வி. இல்லை என்று உறுதியான பிறகுதான் பிரெப் ஆரம்பிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்ப்பார்கள். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது.

உங்கள் வயதுக்காரர்கள் மிகவும் தாமதமாகத்தான் வருவார்கள். எடை குறைந்தால் சர்க்கரை, அசதி என்றால் வயசு என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுவார்கள். டாக்டர்களும் பெரியவர்களிடம் அந்தப் பேச்சை எடுக்கக் கூச்சப்படுவார்கள். நீங்களே கேளுங்கள்.

பாதுகாப்பில்லாமல் ஏதாவது நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க 28 நாள் மாத்திரை தருவார்கள். அதில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருந்தால் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு கூடும். அதனால் சர்க்கரை மாத்திரை எடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

மயிலை64:
61 என்றால் எனக்குத் தம்பிதான். நான் பிரெப் எடுக்கிறேன், டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த மாத்திரை. மெட்ஃபார்மினோடு அதற்குப் பெரிய தகராறு இல்லை.

கிட்னி விஷயத்தில் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் என் ரத்தத்தில் 1.1, எடை 68 கிலோ. 30 வயதுக்காரனுக்கு இதே எண்கள் என்றால் கிட்னி வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 94 மில்லி வரும். எனக்கு வருவது 65. இந்த மாத்திரைக்கு 60க்குக் கீழே போகக் கூடாது. போனால் டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்ற வேறு வகை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். 50 தாண்டியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிட்னி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்.ஐ.வி. பார்க்க வேண்டும். முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை விழுங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிட்னிக்கு அது தனி அடி.

எழுச்சி போவதற்கு ஆணுறை மட்டும் காரணமாக இருக்காது, சர்க்கரையே அதைச் செய்யும். எழுச்சிக்குச் சில்டெனாஃபில் மாத்திரை எழுதித் தருவார்கள். ஆனால் நெஞ்சு வலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் என்றால் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது, பிரஷர் தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. பார்ட்டிகளில் முகரும் பாப்பர்ஸும் சார்பிட்ரேட் மாதிரிதான், சின்னவர்கள் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தேங்காய் எண்ணெய்! நம் தலைமுறைக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். லேட்டக்ஸ் ஆணுறையை எண்ணெய் கிழித்துவிடும். தண்ணீர் சார்ந்த ஜெல் வாங்குங்கள். பிரெப் சிஃபிலிஸ் போன்ற மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது, ஆகவே ஆணுறையை மூட்டை கட்டிவிடாதீர்கள்.

எய்ட்ஸ் பற்றிய புலிராஜா விளம்பரப் போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியிருந்த காலத்தில், அது யாருக்கோ சொன்னது என்றுதான் நம்மில் பலர் தாண்டிப் போனோம்.

வைகைக்காரன்:
நன்றி அண்ணே. அவர் எப்போதாவதுதான் வருவார். தினமும் எடுக்க வேண்டுமா?

மயிலை64:
ஆண்களோடு மட்டும், அதுவும் எப்போதாவது என்றால் இன்னொரு முறை உண்டு. உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை, அந்த இரண்டை எடுத்ததிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48இல் ஒன்று. ஆனால் ஹெபடைடிஸ் பி இருந்தால் இப்படி எடுக்கக் கூடாது. இந்த மருந்து அந்தக் கிருமியையும் அடக்கும். எடுத்து எடுத்து நிறுத்தினால் கல்லீரல் சீறும். எச்.ஐ.வி. பரிசோதனையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் கிரியாட்டினினையும் எடையையும் இங்கே போடுங்கள். டாக்டரிடம் போகும் முன் கணக்குப் போட்டுத் தருகிறேன்.