ஆத்தங்குடித் தரையும் எல்.எஸ்.3/5ஏ ஒலிபெருக்கியும்

கேள்வி (கானாடுகாத்தான்):
எங்கள் வளவு வீட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பு அறையில், பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ ஜோடியை வைத்துக் கேட்கிறேன். குரல் உயிரோடு ஒலிக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்சுரம் தரும் இடப்பக்க முகம்) மட்டும் மெலிந்து கேட்கிறது. பெட்டியில் பழுதா?

பதில் (காரைக்குடி):
பழுதில்லை, ஐயா. ஒலிபரப்பு வண்டிக்குள் பேச்சைக் கண்காணிப்பதற்காக 1970களில் உருவான, ஏறத்தாழ 5 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டி அது என்பதால், ஆழ்ந்த தாழ்சுரத்தை அதனிடம் எதிர்பார்க்க இயலாது. மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகையின் உட்புறம் அதிர்வடக்கும் பட்டைகளை ஒட்டியிருப்பதே குரலின் இயல்புக்கு முக்கியக் காரணம். எனக்கு அதுவே போதும். முன்துணியைக் கழற்றி, ட்வீட்டரை (உச்ச சுரங்களை ஒலிக்கும் சிறு ஒலிப்பான்) சுற்றியுள்ள கம்பளிப் பட்டை உதிர்ந்துள்ளதா என்று பாருங்கள்.

பதில் (தேவகோட்டை):
தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், எதிரொலி அடங்கும். பெட்டியைச் சுவரருகே சற்று நகர்த்தினால் தொப்பியும் கொஞ்சம் தடிக்கும்.

கேட்டவர்:
இடப்பக்கப் பெட்டியில் கம்பளி ஒருபுறம் பொடிந்திருக்கிறது. மிக்க நன்றி.