சபைக் காணிக்கை யூபிஐ வழியாக வந்து சேர்கிறது. யார், எதற்காகச் செலுத்தினார் என்பது தெரியவில்லை – உதவி தேவை

கோத்தகிரி பொருளாளர்:

கிறிஸ்துவின் நாமத்தில் அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருசேகரத்தில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபையில், கடந்த ஜூன் முதல் பொருளாளராக இருக்கிறேன். ஏறத்தாழ 140 குடும்பங்கள், பெரும்பாலும் சிறு தேயிலை விவசாயிகள். பச்சைத் தேயிலைக்குரிய பணத்தைத் தொழிற்சாலைகள் வங்கிக் கணக்கிலேயே செலுத்திவிடுவதால் மாதக் காணிக்கைக் கவரில் வைக்க ரொக்கம் இருப்பதில்லை என்று பலரும் சொன்னார்கள். ஆகவே குருசேகரக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே க்யூஆர் குறியீடு வாங்கி, ஆலய வாசலில் ஒட்டினோம். பணம் வருகிறது; சிக்கலும் கூடவே வருகிறது.

முதற் சிக்கல் கணக்கெழுதுவதில். சென்ற மாத வங்கி அறிக்கையில் 63 யூபிஐ வரவுகள் இருந்தன. அவற்றில் 22 வரவுகளை எந்தக் குடும்பத்தின் பெயரில் வரவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. திருப்பூரில் வேலை செய்யும் மகன் தாயாருக்காகச் செலுத்துகிறார். அறிக்கையில் மகன் பெயர்தான் இருக்கிறது, அதுவும் பாதி எழுத்துகளோடு நின்றுவிடுகிறது. தசமபாகமா (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), சங்கச் சந்தாவா, பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கையா, கட்டட நிதியா என்பதும் தெரிவதில்லை. ரசீது கிடைக்கவில்லை என்று இரண்டு குடும்பத்தார் வருத்தப்பட்டார்கள்.

இரண்டாவது, என்னுடைய பிழை. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த விளைபொருள்களை ஏலம் விட்ட அன்று ஆலயத்தின் க்யூஆர் அட்டை மழையில் நனைந்து ஸ்கேன் ஆகாமல் போனது. வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்த அவசரத்தில் என் சொந்தக் கைப்பேசியின் க்யூஆரைக் காட்டிவிட்டேன். மலைப்பூண்டுக் கூடைக்கும் பூசணிக்காய்க்கும் உரிய தொகையெல்லாம் சேர்ந்து 38,450 ரூபாய் என் கணக்கில் விழுந்தது. அன்று மாலையே முழுத்தொகையையும் ஒரே பரிமாற்றமாக ஆலயக் கணக்குக்கு மாற்றினேன். இப்போது தணிக்கையாளர் விளக்கம் கேட்கிறார்.

மூன்றாவது, எங்கள் ஆலயம் கருங்கல் கட்டடம். உள்ளே சிக்னல் வராது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்ச் சிறிது நேரமானால் வெளியேயும் வராது. செலுத்தும்போது 'நிலுவையில்' என்று காட்டியதால் ஒரு பெரியவர் 2,000 ரூபாயை இரண்டு முறை அனுப்பிவிட்டார், இரண்டும் வந்துவிட்டன. கடைசியாக, கனடாவில் குடியிருக்கும் எங்கள் சபைப் பிள்ளை ஒருவர் கூரைப் பழுதுக்காக ஒரு இலட்சம் ரூபாய் அனுப்ப விரும்புகிறார். அவருக்கும் இதே க்யூஆரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குன்னூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

வணக்கம் ஐயா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குள் நீங்கள் அனுப்பிவிடக் கூடாது. அவர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறாரா, அல்லது கனடா குடியுரிமை பெற்றுவிட்டாரா என்பதை முதலில் கேளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. குடியுரிமை மாறியிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) கையில் இருந்தாலும், அது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். அச்சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதுவும் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள அதற்கென்றே திறந்த கணக்கில்தான் வந்து சேர வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு. குடியுரிமை மாறியவர்களும் இங்கே என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) வைத்திருக்கிறார்கள். கனடா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் முதலிய நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே யூபிஐ பயன்படுத்த இப்போது வழி இருக்கிறது. அவர் ஸ்கேன் செய்தால் பணம் தடையின்றி உங்கள் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். க்யூஆருக்குக் கடவுச்சீட்டைப் பார்க்கத் தெரியாது. வந்த பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உறவினர் ஒருவர் கணக்கில் போட்டு அங்கிருந்து எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், கேட்டதாகவே காட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் திருமண்டலத்துக்கு (பல குருசேகரங்கள் அடங்கிய, பேராயரின் கீழுள்ள அமைப்பு) அந்தப் பதிவு இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டு, இருந்தால் அவர்கள் சொல்லும் வழியில் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

ஏலப் பணம் குறித்து அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் காகிதம் வேண்டும். அன்றைய தேதியிலான உங்கள் சொந்தக் கணக்கின் அறிக்கையில் அந்த வரவுகளை மட்டும் குறியிட்டு, ஏலப் பட்டியலோடு ஒப்பிட்டு, மாலையில் மாற்றிய பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணையும் எழுதி, குருசேகரக் குழுவில் வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். அதன் நகலைத் தணிக்கையாளரிடம் கொடுத்தால் போதும். இனி எந்த அவசரத்திலும் தனியார் எண்ணைக் காட்டாதீர்கள். நெகிழியுறை போட்ட அட்டை நான்கைந்து வைத்துக்கொண்டால் மழை ஒன்றும் செய்யாது.

இரட்டைக் கட்டணத்தைப் பொறுத்தவரை, பணம் கழிந்தும் பெறுநருக்குச் சேராவிட்டால் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது 2019இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. தனிநபர் பரிமாற்றமானால் மறுநாளுக்குள்ளும், வணிகர் க்யூஆரில் செலுத்தியதானால் ஐந்து நாட்களுக்குள்ளும் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆகவே 'நிலுவையில்' என்று வந்தால் மறுமுறை அனுப்பாமல் காத்திருக்கும்படி ஆராதனை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பெரியவருக்கு இரண்டும் சேர்ந்துவிட்டதால், ஒன்றை அவருடைய கணக்குக்கே வங்கி வழியாகத் திருப்பலாம், அல்லது அவர் எழுத்தில் சம்மதித்தால் அடுத்த மாதத்துக்கு வரவு வைக்கலாம். உண்டியலிலிருந்து ரொக்கமாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கூடலூர் சபைச் செயலாளர்:

முதற் சிக்கல் எங்களுக்கும் இருந்தது. செலுத்தும்போது குறிப்பு எழுதுங்கள் என்று ஆறு மாதம் மன்றாடிப் பார்த்தோம். பாதிப் பேர் எழுதுவதில்லை, எழுதினாலும் சில வங்கிகளின் அறிக்கையில் அது வருவதில்லை. ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னோம். பொருளாளரின் வாட்ஸ்அப் நிரம்பி வழிந்தது. இறுதியில் பைசாவைப் பிடித்துக்கொண்டோம்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணிக்கைக் கவரில் ஓர் எண் உண்டல்லவா? அந்த எண்ணைப் பைசாவாகச் சேர்த்துச் செலுத்த வேண்டும், அவ்வளவுதான். 47ஆம் எண் குடும்பத்தார் ஆயிரம் ரூபாய் செலுத்தும்போது 1000.47 என்று தட்டுகிறார்கள். மகன் செலுத்தினாலும் மருமகள் செலுத்தினாலும், பெயர் பாதியில் வெட்டப்பட்டாலும், 47 மட்டும் அறிக்கையில் அப்படியே நிற்கும். எக்செல் தாளில் கடைசி இரண்டு இலக்கத்தைப் பிரித்தெடுத்தால் கால் மணி நேரத்தில் மாதக் கணக்கு முடிந்துவிடுகிறது. யூபிஐயில் பைசா செலுத்தத் தடையில்லை. எங்கள் ஊர்ப் பாட்டிமார் கூடப் பழகிக்கொண்டார்கள்.

நோக்கத்தைப் பிரிக்க, ஒரே கணக்குக்கு இரண்டு க்யூஆர் கேட்டு வாங்கினோம். மாதக் காணிக்கைக்கு ஒன்று, கட்டட நிதிக்கு ஒன்று. அதற்கு மேல் பிரிக்க முயலாதீர்கள். ஆறு அட்டையை வரிசையாக ஒட்டினால் எல்லாரும் முதல் அட்டையைத்தான் ஸ்கேன் செய்வார்கள்.

கோத்தகிரி பொருளாளர்:

மிக்க நன்றி ஐயா. ஆனால் எங்களிடம் 140 குடும்பங்கள். பைசாவில் 99 வரைதானே முடியும்? 100க்கு மேற்பட்டவர்கள் ஒரு ரூபாய் கூடுதலாகச் சேர்த்து, 112ஆம் எண் என்றால் 1001.12 என்று செலுத்தலாமா?

கூடலூர் சபைச் செயலாளர்:

அதைச் செய்யாதீர்கள் ஐயா. நம் ஆட்கள் 101, 501, 1001 என்று ஒற்றை ரூபாய் வைத்துக் கொடுப்பவர்கள். 12ஆம் எண் குடும்பத்தார் நன்றிக் காணிக்கையாக 1001 வைத்து 12 பைசாவையும் சேர்த்தால், அது 112ஆம் எண்ணாரின் பெயரில் ஏறிவிடும். குருசேகரத்தை மேல் பகுதி, கீழ் பகுதி என்று இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி க்யூஆர் வாங்கி, எண்ணை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்தந்தப் பகுதிக் கவரிலேயே அந்தந்தக் க்யூஆரை அச்சிட்டுவிட்டால் குழப்பம் வராது. வீட்டில் சிக்னல் இருக்கும் நேரத்தில் செலுத்திவிட்டு வெறுங்கவரை ஆலயத்தில் படைக்கலாம் என்பதால், உங்கள் கருங்கல் சுவர்ச் சிக்கலும் தீர்ந்துவிடும். பட்டன் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு இணையம் இல்லாமலே செலுத்த 2022இல் வந்த யூபிஐ 123பே இருக்கிறது; ஆனாலும் அவர்கள் ரொக்கமாகவே கொடுக்கட்டும் என்பது என் எண்ணம். அவர்களை வருத்த வேண்டாம்.

உதகை, சபை மூப்பர்:

பெரியவன் என்ற முறையில் ஒரு தயக்கத்தைச் சொல்கிறேன். காணிக்கைப் பை சுற்றி வரும்போது கைமூடிப் போட்டவர்கள் நாங்கள். பத்து ரூபாயா ஆயிரமா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு ரூபாயும் பெயரோடும் எண்ணோடும் ஏறுகிறது. எல்லாரும் எண்ணிட்டே செலுத்த வேண்டும் என்றால், குறைவாகக் கொடுப்பவர்கள் கூசிப் போவார்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆலயத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு சவுண்ட் பாக்ஸ் வாங்கி, வெஸ்ட்ரி (ஆலயத்தை ஒட்டிய அறை) சன்னல் திண்டில் வைத்துவிட்டார். மௌன ஜெபத்தின் நடுவே அது "ரூபாய் ஐம்பது பெறப்பட்டது" என்று உரக்கச் சொன்னது. அனுப்பிய பிள்ளை தலையைத் தூக்கவேயில்லை. தயவுசெய்து அதை மட்டும் வாங்காதீர்கள்.

கூடலூர் சபைச் செயலாளர்:

மூப்பரவர்களே, தாங்கள் சொல்வது சரி. எங்கள் சபையில் இதற்கு விடையும் பைசாவிலேயே இருக்கிறது: எண் வேண்டாம் என்பவர் பைசா சேர்க்காமல் முழு ரூபாயாகச் செலுத்துகிறார். அதைப் 'பெயர் குறிப்பிடாத காணிக்கை' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம், யாரென்று தேடுவதில்லை. வங்கி அறிக்கையில் பெயர் இருந்தாலும் அதைப் பொருளாளரும் தணிக்கையாளரும் தவிர வேறு எவரும் பார்ப்பதில்லை என்று குழுவில் தீர்மானமே உண்டு. ஆண்டறிக்கையில் குடும்பவாரியாகத் தொகை அச்சிடும் பழைய வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். அதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது, அதுவும் அதிகம் கொடுப்பவர்களிடமிருந்து.

கோவை, கணக்குத் தணிக்கைப் பணியிலுள்ளவர்:

சிலவற்றைச் சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் கணக்கு ஆயர், பொருளாளர் ஆகிய இருவரின் கையொப்பத்தோடு இயங்குவதாக இருந்தால், வரவுக்கு மட்டுமான வணிகர் க்யூஆரையே வைத்துக்கொள்ளுங்கள். செலவு காசோலையிலேயே நடக்கட்டும். யூபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. ஆனால் இணையதளத்தில் பேமெண்ட் கேட்வே வைத்துக் கடன் அட்டையில் வாங்கினால் கட்டணம் உண்டு. அது இரண்டு விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய்க் காணிக்கையில் 20 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக 3.60 ரூபாயும் கழிந்து 976.40தான் சேரும். அப்போதும் ரசீதில் 1,000 என்றே எழுதி, கழிந்ததை வங்கிச் செலவாகக் காட்ட வேண்டும்.

வருமான வரிச் சலுகைக்கு ரசீது கேட்பவர்கள் வருவார்கள். 80ஜி என்று வழக்கத்தில் சொல்லும் சலுகை, ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நலனுக்கென்று அமைந்த நிறுவனத்துக்குப் பொதுவாகக் கிடைக்காது. ஆதலால் தசமபாக ரசீதில் அப்படி எதுவும் அச்சிட்டுவிடாதீர்கள்.

வாரந்தோறும் வாசலில் இருக்கும் க்யூஆரை உங்கள் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, குருசேகரத்தின் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகும் மோசடி கடைகளில் நடந்திருக்கிறது. "500க்குப் பதிலாக 5,000 அனுப்பிவிட்டேன், மீதியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு அழைப்பு வந்தால், வங்கி அறிக்கையில் வரவைப் பார்க்காமல் ஒரு பைசாவும் திருப்பாதீர்கள்.

கோத்தகிரி பொருளாளர்:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து நிலவரத்தைப் பதிவு செய்கிறேன். ஏலப் பணத்துக்கான தீர்மானத்தைத் தணிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். கனடா சகோதரர் மூன்றாண்டுகளுக்கு முன்பே குடியுரிமை பெற்றுவிட்டவர். ஆகவே க்யூஆரை அனுப்பவில்லை, திருமண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். கூரைக்கு இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறோம்.

மேல் பகுதி, கீழ் பகுதி என்று கவர் அச்சிட்டு, பைசா முறையைத் தொடங்கினோம். சென்ற மாதம் 71 யூபிஐ வரவுகளில் 62க்கு எண் இருந்தது. முழு ரூபாயாக வந்த எட்டைப் பெயர் குறிப்பிடாத காணிக்கையில் சேர்த்தேன். எஞ்சிய ஒன்று 500.85. எங்கள் இரு பகுதிகளிலும் 85ஆம் எண்ணே கிடையாது. விசாரித்ததில், கீழ் பகுதி 58ஆம் வீட்டு அம்மா கண்ணாடி போடாமல் தட்டிவிட்டதாகச் சொன்னார்கள்.

இன்னொரு சந்தேகமும் எழுந்தது. சென்ற ஞாயிறு வெஸ்ட்ரியில் எண்ணும்போது, 23ஆம் கவரில் 200 ரூபாய்த் தாளோடு ஒரு பழைய 25 பைசா நாணயமும் இருந்தது. 23 பைசாவுக்கு நாணயம் கிடைக்காததால் இரண்டு பைசா கூடுதலாக வைத்ததாகப் பாட்டி சொல்லியனுப்பியிருந்தார். செல்லாத நாணயத்தை எப்படி வரவு வைப்பது?

குன்னூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

25 பைசா 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டது ஐயா. 200 ரூபாய்க்கு மட்டும் ரசீது எழுதுங்கள். ரொக்கக் கவரில் எண் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கிறது, பைசா கைப்பேசியில் செலுத்துபவர்களுக்கு மட்டும்தான் என்று பாட்டியிடம் நேரில் போய்ச் சொல்லி, நாணயத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.