மார்க்கர் காம்பவுண்ட்: தமிழில் என்ன வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

மூலிகை மருந்துகளின் தரச் சோதனை பற்றி மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘மார்க்கர் காம்பவுண்ட்’ வந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். மூலிகையில் உள்ள ஏதாவதொரு வேதிப்பொருளை அளந்து, அதைக்கொண்டு சரக்கு சரிதானா என்று பார்ப்பார்களே, அது. நிலவேம்புக்கு ஆன்ட்ரோகிராபோலைடு, மஞ்சளுக்குக் குர்குமின், மிளகுக்குப் பைப்பரின். மிளகில் பப்பாளி விதையைக் கலந்தால் பைப்பரின் அளவு இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ‘சுட்டுச் சேர்மம்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் மனைவி, “எதைச் சுட்டீங்க, பஸ்பமா?” என்றார். அடித்துவிட்டேன். ‘அடையாளச் சேர்மம்’ சரிப்படுமா?

* * *

> ‘அடையாளச் சேர்மம்’ சரிப்படுமா?

காதுக்கு நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் அடையாளம் என்றால் ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டதாக ஆகிவிடுமே! திரிகடுகு சூரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பைப்பரின் மிளகிலும் உண்டு, திப்பிலியிலும் உண்டு. திப்பிலியே போடாமல் மிளகைக் கூட்டி இடித்த சூரணத்திலும் அது இருக்கத்தான் செய்யும். மஞ்சள் கதை இன்னும் மோசம். ஆலையில் செய்த குர்குமினைத் தூவிவிட்டால் மட்டமான தூளுக்கும் எண் சரியாக வந்துவிடும்.

நோயைத் தீர்ப்பதே அந்தப் பொருள்தான் என்ற எண்ணமும் பெயரால் வந்துவிடக் கூடாது. ஐரோப்பிய மருந்து முகமை இதை இரண்டாகப் பிரித்தே பேசுகிறது: மருந்தின் வேலையில் பங்குள்ளவை என்று ஏற்கப்பட்டவை, பகுப்பாய்வுக்கு மட்டும் பயன்படுபவை.

என் ஓட்டு ‘குறிச்சேர்மம்’. குறி இங்கே பார் என்று காட்டும், அவ்வளவுதான்; சத்தியம் செய்யாது. வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள் என்று யாராவது சொல்லக்கூடும். ‘குறிச்சொல்’லுக்கு இப்போது யார் சிரிக்கிறார்கள்?

* * *

குறிச்சேர்மம் எனக்கும் சம்மதம், அம்மா. ‘ச்’ மிகவேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் இருக்கவே கூடாத பொருளையும் தேடுகிறோமே, அதற்கு என்ன சொல்வது? 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஸ்டெபானியா என்ற சீன மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டலோக்கியா புகுந்திருந்தது. சீனத்தில் இரண்டின் பெயரிலும் ‘ஃபாங்ஜி’ உண்டு, குழப்பத்துக்கு அது போதாதா? அரிஸ்டலோக்கிக் அமிலம்தான் வினை. நம் ஆடுதின்னாப்பாளையும் அந்தக் குடும்பம்தான், அதிலும் அந்த அமிலம் உண்டு.

‘நச்சுக் குறிச்சேர்மம்’ என்று எழுதிப் பார்த்தேன், வாய்க்குள் அடங்கவில்லை. ‘ஆகாச்சேர்மம்’ எப்படி? பத்தியம் சொல்லும்போது வைத்தியர்கள் “இது ஆகாது” என்பார்களே, அந்த ஆகாது. வானத்து ஆகாசம் என்று யாரும் படித்துவிடாமல் இருந்தால் சரி. மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை இரண்டையும் கையேட்டில் ஏற்றிவிடுகிறேன்.