மணக்குடிப் பொழிமுகத்தில் நான் பாத்தது நண்டுண்ணியா?

நேத்து காலை ஆறரை மணி. ஆறு கடல்ல சேருற அந்த இடத்துல தண்ணி இறங்கிக் கிடந்துது. ஆலாக் கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒத்தையா ஒரு பறவை. உடம்பு வெள்ளை, முதுகுல கறுப்பு, நீளமான சாம்பல் கால். அலகைப் பாத்துத்தான் அசந்துட்டேன்: கொல்லன் குறடு மாதிரி தடிச்சு, கறுத்து. நாலெட்டு ஓடும், நிக்கும், படக்குன்னு குத்தும். ஒரு நண்டை உதறி உதறி முழுங்கிச்சு. எனக்க பைனாகுலர்ல இடது பக்கம் பூஞ்சை. கேமராவை எடுக்கதுக்குள்ள ஒரு வள்ளம் வந்து கிளப்பி விட்டுது. வீட்டுல யாரும் நம்பல.

தேரூர்க்காரன்: நெடுங்கால் உள்ளானா இருக்கும் அண்ணே. புத்தளம் உப்பளத்துல அதுதானே நிறைய.

கேட்டவர்: தம்பி, அதுக்குக் கால் சிவப்பு, அலகு ஊசி. அதைத் தெரியாதா எனக்கு!

கடற்கரைக் கிழவன்: நண்டுண்ணியேதான். தனுஷ்கோடில பாத்திருக்கேன். அரபிக்கடல், செங்கடல் கரைகள்ல குஞ்சு பொரிச்சிட்டு குளிர்காலத்துல இங்கிட்டு வரும். கரைப்பறவைகள்ல மணல்ல வளை தோண்டி முட்டையிடுறது இது ஒண்ணுதான். பெரும்பாலும் ஒரே ஒரு வெள்ளை முட்டை. பறவை பாத்ததைப் பதியுற இபேர்டு இணையதளத்துல போடும்போது அலகு, கால் நிறம், நண்டு தின்ன விதம் எல்லாம் எழுதுங்க. போட்டோ இல்லாட்டி அதுதான் சாட்சி.

தேரூர்க்காரன்: சரி, தோத்துட்டேன். நாளைக்கு நானும் வாறேன், எனக்க பைனாகுலர்ல பூஞ்சை இல்ல.

கேட்டவர்: அஞ்சே முக்காலுக்கு பாலத்துக்கு வா. வெள்ளைச் சட்டை போடாத.